கட்டின அணையை உடைக்கிறவர்களுக்கு விசரா?

போன மாதம் கிளிநொச்சியில் சித்தப்பா வீட்டு முற்றத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது அவர் தன் போனை நீட்டினார். வட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய பழைய வீடியோ. ஒரு கொங்கிறீட் அணை, அதன் அடியில் ஒரு வெடி, அடுத்த நொடி கரிய சேற்றுத் தண்ணீர் பீறிக்கொண்டு வருகிறது. சித்தப்பா இரணைமடுத் தண்ணீரில் நெல் விதைக்கிறவர், குளக்கட்டு என்றால் அவருக்குக் கோயில் மதில் மாதிரி. "உவங்களுக்கு விசரே தம்பி? நாங்கள் கட்டு உடைஞ்சிடுமோ எண்டு மாரி முழுக்க நித்திரையில்லாமல் கிடக்கிறம், உவங்கள் வெடி வைச்சு உடைக்கிறாங்கள்" என்றார்.

அது அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலத்தில் இருந்த கொண்டிட் அணை. 1913இல் கட்டியது, 38 மீற்றர் உயரம், மின்சாரத்துக்காகவே கட்டியது. 2011 ஒக்ரோபர் 26ஆம் திகதி அதன் அடியில் குடைந்த சுரங்கத்தின் கடைசித் துண்டுக்கு வெடி வைத்தார்கள். நூறு வருசமாகத் தேங்கி நின்ற ஏரி வடிய இரண்டு மணி நேரம்கூட எடுக்கவில்லை. வெடி வைத்தது எதிரிப்படை இல்லை, அணையின் சொந்தக்கார மின் நிறுவனமே வைத்தது. அதைச் சொன்னதும் சித்தப்பா இன்னும் குழம்பிப்போனார். அன்று அவருக்கு அரைகுறையாகச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்காக எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு ஆற்றைப் பற்றி எழுதுவதே ஒரு பகிடி. எங்களிடம் இருப்பது மழைக்கு மட்டும் ஓடுகிற வழுக்கையாறும் ஆறு என்று பெயர் வைத்த கடல்நீரேரிகளும்தான், குடிப்பது சுண்ணாம்புக்கல்லுக்குள் தோண்டிய கிணற்றுத் தண்ணீர். அணை எங்கள் கண்ணில் படுவதில்லை. ஆனால் தொண்ணூறுகளில் இங்கே வளர்ந்தவர்களுக்கு நீர்மின்சாரத்தை விளங்கப்படுத்துவது மாதிரி இலகுவான வேலை வேறில்லை. கரண்ட் இல்லை, பற்றரிக்குத் தடை, இரவில் ஜாம் போத்தல் விளக்கு. செய்தி கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் பெடலைக் கையால் சுற்றுவார், டைனமோவில் இருந்து வருகிற கரண்டில் றேடியோ பாடும், சுற்றுகிறவருக்குக் கை சோர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் சேர்ந்து சோரும்.

நீர்மின் நிலையம் அதே டைனமோதான், கொஞ்சம் பெரியது. சுற்றுகிற கைக்குப் பதிலாகத் தண்ணீர், பெடலுக்குப் பதிலாக டர்பைன். எவ்வளவு கரண்ட் வரும் என்பதை இரண்டு விசயம் தீர்மானிக்கிறது: தண்ணீர் எவ்வளவு உயரத்தில் இருந்து விழுகிறது, எவ்வளவு தண்ணீர் விழுகிறது. மகாவலியில் 122 மீற்றர் உயரத்துக்கு விக்டோரியா அணையைக் கட்டியதே தண்ணீரை உயர்த்தி நிறுத்தத்தான். அங்கிருந்து சுரங்கம் வழியாகக் கீழே இறக்கி 210 மெகாவாட் வரை எடுக்கலாம். அணை செய்கிற இன்னொரு வேலையும் இருக்கிறது, அதை நாங்கள் கவனிப்பதில்லை. அது ஒரு பைப். பின்னேரம் ஆறரை ஏழுக்கு நாடு முழுக்க லைட்டும் ரீவியும் அரிசிக் குக்கரும் ஒன்றாகப் போடுகிற நேரத்தில் கதவைத் திறந்தால் சில நிமிடங்களில் கரண்ட் வரும். நிலக்கரி நிலையத்தால் அவ்வளவு வேகமாக ஏறி இறங்க முடியாது, சூரியத் தகட்டுக்கோ அந்த நேரம் இருட்டிவிடும். கட்டி முடித்த பிறகு எரிபொருள் செலவும் இல்லை, மழைதான் எரிபொருள்.

இவ்வளவு நல்ல சாமானை ஏன் உடைக்க வேண்டும்?

ஆற்றில் வருவது தண்ணீர் மட்டுமில்லை. மணல், கல், வண்டல், இலை, மரம், மீன் எல்லாம் வருகிறது, மீன் மேலேயும் போகிறது. அணை இதையெல்லாம் ஒரே இடத்தில் மறிக்கிறது. ஓடுகிற தண்ணீர் நின்றவுடன் அது சுமந்துவந்த மண் அடியில் படியும். வருசக்கணக்கில் கிணற்றைச் சேறு எடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். நீர்த்தேக்கத்திலும் அதுதான் நடக்கிறது, ஆனால் அதை இறைத்துச் சேறு அள்ளுவது லேசுப்பட்ட காரியமில்லை. அணைக்குக் கீழே இதற்கு நேர்மாறான பிரச்சினை. மண் இல்லாத வெறும் தண்ணீர் ஓடும்போது அது ஆற்றின் அடியையும் கரையையும் அரித்துத் தின்னும், ஆறு கடலில் சேருகிற இடத்துக்கு மணல் போகாததால் கடற்கரையும் தேயும்.

அப்புறம் தேங்கிய தண்ணீரின் குணமும் மாறும். வெயிலில் மேற்பகுதி சூடாகும், அடியில் காற்றில்லாத குளிர்ந்த தண்ணீர் நிற்கும், சத்து அதிகமான இடங்களில் பச்சைப் பாசி பூக்கும். அந்தப் பாசியில் சில வகை நஞ்சு. அமெரிக்காவில் கிளமத் என்ற ஆற்றின் நீர்த்தேக்கங்களில் கோடை வந்தால் தண்ணீரைத் தொடாதீர்கள் என்று பலகை வைக்கிற அளவுக்கு நிலைமை போயிருந்தது.

மீன் விசயத்தில்தான் அமெரிக்கச் சண்டை முழுவதும் சுழல்கிறது. அங்கே சால்மன் என்றொரு மீன். கடையில் "சமன் ரின்" என்று கேட்டு வாங்குகிறோமே, அந்தப் பெயரின் சொந்தக்காரன் இவன்தான், எங்கள் ரின்னுக்குள் இருப்பது பெரும்பாலும் வேறு மீன் என்பது வேறு கதை. சால்மன் மலையோரச் சிற்றாற்றில் பொரிக்கும், குஞ்சு ஆற்றோடு இறங்கிக் கடலுக்குப் போகும், சில வருசம் கடலில் வளர்ந்துவிட்டுப் பொரித்த அதே ஆற்றைத் தேடி எதிர்நீச்சலில் ஏறிவந்து முட்டையிட்டுவிட்டுச் சாகும் (பசிபிக் பக்கத்துச் சால்மன்களில் அநேகமானவை அப்படித்தான்). நடுவில் சுவர் எழுப்பினால் அந்த வழி அதோடு முடிந்தது. மீன் ஏறுவதற்குப் படிக்கட்டு மாதிரித் தொட்டிகள் கட்டலாம்தான். சில இடங்களில் அது வேலை செய்கிறது. பல பழைய அணைகளில் அதைக்கூடக் கட்டவில்லை.

எல்வா ஆறு அப்படித்தான். வொஷிங்டன் மாநிலத்தில் 1913இல் ஒன்றும் 1927இல் ஒன்றுமாக இரண்டு அணைகள், இரண்டிலும் மீன் வழி கிடையாது, அந்தக் காலத்து மாநிலச் சட்டமே வழி விடச் சொல்லியிருந்தும். கீழ் அணை கடலில் இருந்து வெறும் எட்டுக் கிலோமீற்றரில் இருந்தது. அதற்கு மேலே இருந்த ஆறு முழுவதும் கடல் மீனுக்கு ஒரு நூற்றாண்டு மூடிக் கிடந்தது. அந்த ஆற்றை நம்பி வாழ்ந்த கிளாலம் பழங்குடிச் சனத்திடம் யாரும் கேட்கவில்லை. அணைகள் தந்த கரண்டோ கடைசிக் காலத்தில் பக்கத்து ஊர்க் காகித ஆலை ஒன்றுக்குத்தான் போனது. 1992இல் சட்டம் கொண்டுவந்தார்கள், 2011இல் உடைக்கத் தொடங்கி 2014இல் முடித்தார்கள். சட்டத்துக்கும் முதல் கல்லைப் பெயர்ப்பதற்கும் இடையே 19 வருசம், எங்கள் ஊர்த் திட்டங்களை நினைத்தால் அவ்வளவு மோசமில்லை.

2012இல் நீர்த்தேக்கம் வற்றியபோது, தங்கள் இனம் படைக்கப்பட்ட இடம் என்று கிளாலம் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த பாறை வெளியே வந்தது. நூறு வருசம் தண்ணீருக்கடியில் கிடந்தது. இதை வாசித்தபோது எனக்கு மஸ்கெலியாதான் நினைவுக்கு வந்தது. மவுசாகலை நீர்த்தேக்கம் கட்டியபோது பழைய மஸ்கெலியா ஊரே தண்ணீருக்குள் போனது. வரட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது பழைய கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் சிதைந்தபடி தலை காட்டும், சனம் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்க்கும், மழை வந்ததும் மறுபடி மூழ்கிவிடும். விக்டோரியாவுக்குக் கீழே பழைய தெல்தெனியா நகரம் கிடக்கிறது. நாங்கள் சுவிட்சைப் போடுகிற ஒவ்வொரு முறையும் அந்தக் கோயிலை நினைக்க வேண்டும் என்று சொல்லவரவில்லை, ஆனால் நீர்மின்சாரம் மலிவு என்று சொல்கிறபோது அந்தக் கணக்கை எழுதியவர்கள் இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுத்தான் எழுதினார்கள்.

சரி, இவ்வளவும் அணை கட்டுகிற அன்றே தெரிந்ததுதானே, ஏன் இப்போது மட்டும் உடைக்கிறார்கள்? இங்கேதான் பலருக்குப் பிசகுகிறது. ஏதோ மீன் மேல் அன்பு பெருகி ஒரு நாள் உடைத்துவிட்டார்கள் என்று நினைக்கிறோம். உண்மையில் முக்கால்வாசி இது பழைய வாகனக் கதை. அமெரிக்காவில் தனியார் மின் அணைகளுக்கு 30 முதல் 50 வருசம் வரைதான் உரிமம். முடிந்தால் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கப் போகிறபோது, கட்டிய காலத்தில் இல்லாத சட்டமெல்லாம் வந்து முன்னால் நிற்கும்: மீன் வழி கட்டு, தண்ணீரின் தரத்தைச் சரிசெய், பழைய கொங்கிறீட்டைப் பலப்படுத்து. சொந்தக்காரர் பென்சிலை எடுத்துக் கணக்குப் பார்ப்பார். திருத்துகிற செலவு இவ்வளவு, இனிமேல் வரப்போகிற கரண்டின் காசு இவ்வளவு. ஐம்பது வருசத்து மொறிஸ் மைனருக்கு எஞ்சின் மாற்றுவதா, இரும்புக்குப் போடுவதா என்று யோசிப்பது போலத்தான். சில இடங்களில் சொந்தக்காரர் வைத்திருக்க ஆசைப்பட்டும் நடக்கவில்லை. மெய்ன் மாநிலத்தில் 1837இல் கட்டிய எட்வேர்ட்ஸ் அணைக்கு உரிமத்தைப் புதுப்பிக்க மாட்டோம், அகற்று என்று அரசின் ஆணைக்குழு சொன்னது, 1999 யூலையில் உடைத்தார்கள். சொந்தக்காரரின் விருப்பத்துக்கு மாறாக அப்படி உத்தரவு போட்டது அதுதான் முதல் தடவை.

இதில் மிகப் பெரியது கிளமத் ஆறு. ஒரிகன், கலிபோர்னியா இரண்டு மாநிலத்திலும் ஓடுகிற ஆறு, அதில் நான்கு மின் அணைகளை ஒரே திட்டமாக அகற்றினார்கள். முதலாவது 1918இல் முடிந்தது, கடைசி அறுபதுகளில். நான்கும் சேர்ந்து உச்சத்தில் 163 மெகாவாட், அதாவது எங்கள் விக்டோரியா ஒன்றைவிடக் குறைவு. 2002 செப்ரெம்பரில் அந்த ஆற்றில் தண்ணீர் குறைந்து வெதுவெதுப்பாகி, நோய் பரவி, குறைந்தது 34,000 மீன்கள் செத்து மிதந்தன. அதற்கு அணைகளை மட்டும் குற்றம் சொல்ல முடியாது, மேலே விவசாயத்துக்குத் தண்ணீர் திருப்பியதுதான் அந்த வருசம் பெரிய சண்டை. ஆனால் அந்தக் கரையில் நின்று பார்த்த யுரொக், கருக் பழங்குடி மக்கள் அதற்குப் பிறகு விடவில்லை. அணைகளின் சொந்தக்கார மின் நிறுவனத்தின் கூட்டங்களுக்குப் போய் நின்றார்கள், இருபது வருசம் நின்றார்கள். உரிமத்தைப் புதுப்பிக்கிற செலவைவிட உடைப்பது நிறுவனத்துக்கு இலாபம் என்று கணக்கும் திரும்பியது. 2022 நவம்பரில் அனுமதி, 2024இல் வேலை முடிந்தது. செலவு ஏறத்தாழ 45 கோடி டொலர், அதில் ஒரு பங்கு மின் பாவனையாளர்களின் பில்லில் இருந்து, மறு பங்கு கலிபோர்னியா அரசின் கடன்பத்திரத்தில் இருந்து. அதே வருசம் ஒக்ரோபரில், 1912க்குப் பிறகு முதல்முறையாக ஒரிகன் பக்கத்துக் கிளை ஆற்றில் கடலில் இருந்து ஏறிவந்த சால்மனைக் கண்டார்கள். நான் எதிர்பார்த்தது ஐந்தாறு வருசம்.

ஆனால் உடைத்தவுடன் எல்லாம் பால் போல ஆகிவிடவில்லை, இதை உடைப்பதை ஆதரிக்கிறவர்கள் கொஞ்சம் மெதுவாகத்தான் சொல்வார்கள். கிளமத்தில் தண்ணீரை வடித்தபோது ஆறு மாதக்கணக்கில் சேறாக ஓடியது. புதிதாக விட்ட இலட்சக்கணக்கான சால்மன் குஞ்சுகள், இன்னும் உடைக்காமல் நின்ற அணையின் சுரங்கத்துக்குள்ளால் போகும்போது அமுக்கம் தாங்காமல் பெரும்பாலும் செத்தன. வற்றிய ஏரிச் சேற்றுக்குள் மான்கள் இறங்கிப் புதைந்தன. ஏரிக்கரையில் வீடு வாங்கியிருந்தவர்களின் முற்றத்தில் ஒரு நாள் காலை ஏரி இல்லை. எல்வாவிலும் அணைகளுக்குப் பின்னால் கிடந்த மண் ஏறத்தாழ இரண்டு கோடி கனமீற்றர், அது இறங்கி வந்து நீர் எடுக்கிற நிலையத்தை அடைத்து வேலையை ஒரு வருசம் வரை நிறுத்தி வைத்தது.

இனி, உடைக்கலாமா என்று கேட்டால் இலகுவில் பதில் வராத ஆறு ஒன்று. ஸ்நேக் ஆறு, அதன் கீழ்ப்பகுதியில் 1961க்கும் 1975க்கும் இடையே கட்டிய நான்கு அணைகள். இவற்றின் கொள்ளளவு 3,000 மெகாவாட்டுக்கு மேல், வருசச் சராசரி 1,000 மெகாவாட் அளவு. நிலக்கரிப் புகையில்லாத கரண்ட். அதோடு இந்த அணைகள் ஆற்றைப் படிப்படியான குளங்களாக மாற்றியதால் கடலில் இருந்து 700 கிலோமீற்றருக்கு மேல் உள்ளே இருக்கிற லூவிஸ்டன் என்ற ஊர் ஒரு துறைமுகம், கோதுமை அங்கிருந்து தோணியில் கடலுக்குப் போகிறது. அணையை எடுத்தால் அந்தக் கோதுமையை ரயிலிலும் லொறியிலும் ஏற்ற வேண்டும், சில தோட்டங்களின் நீர்ப்பம்பிகளும் காற்றில் தொங்கும். கோதுமை விவசாயி கத்துகிறார் என்றால் அவர் மீனுக்கு எதிரி என்பதால் இல்லை. இன்னொரு பக்கம், இந்த அணைகளில் மீன் வழி இருந்தும், மேலே ஐடஹோ மாநிலத்து ஏரி ஒன்றுக்கு 1992இல் இந்த நான்கோடு சேர்த்து வழியில் இருந்த எட்டு அணைகளைத் தாண்டி ஏறிவந்த சொக்காய் என்ற வகைச் சால்மன் ஒன்றே ஒன்று. ஒரு ஆண் மீன். தனிமை லாரி என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். 2023 டிசெம்பரில் பைடன் அரசு பழங்குடிகளோடும் மாநிலங்களோடும் ஒரு உடன்படிக்கை செய்தது, உடைப்போம் என்று இல்லை, உடைப்பதற்கு வழி செய்யக்கூடிய ஏற்பாடுகளைத் தொடங்குவோம் என்று. 2025 யூனில் ட்ரம்ப் அதைக் கிழித்துப் போட்டார். இன்னும் இழுபறி.

என்னைக் கேட்டால், "அணைகளை உடைப்பது நல்லதா கெட்டதா" என்ற கேள்வியே பிழை. எல்வாவில் ஒரு ஆலையின் கரண்டுக்கு ஒரு ஆறு முழுவதையும் அடைத்தார்கள், அதை எடுத்ததில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. கிளமத்தில் கணக்கு இறுக்கமாக வந்தது, ஆனாலும் வந்தது. ஸ்நேக்கில் மாற்றுக் கரண்ட் எங்கே, கோதுமைக்கு ரயில் எங்கே என்று காட்டாமல் உடைக்கச் சொல்வது எனக்கு ஏற்கவில்லை, காட்டிவிட்டும் உடைக்காமல் இருப்பதும் ஏற்காது. இன்னொன்று, அமெரிக்காவில் இருக்கிற 90,000க்கு மேற்பட்ட அணைகளில் மின்சாரம் எடுப்பது நூற்றுக்கு மூன்று அளவுதான். அகற்றியவற்றில் மிகப் பெரும்பாலானவை மின்சாரமே தராத, பழைய ஆலைக்குக் கட்டிப் பிறகு யாரும் திரும்பிப் பார்க்காத சின்னச் சுவர்கள். அவற்றை எடுக்க யாரும் சண்டை போடுவதில்லை, அதனால் வீடியோவும் வருவதில்லை.

இலங்கையில் விக்டோரியாவையோ கொத்மலையையோ உடை என்று யாரும் கேட்கவில்லை, கேட்கவும் நியாயமில்லை. மழை நல்லாகப் பெய்கிற ஆண்டில் நாட்டுக் கரண்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீரில் இருந்து வருகிறது, மகாவலித் தண்ணீர் வயலுக்கும் போகிறது. எங்கள் சண்டைகள் கட்டுவதற்கு முன்னால் நடப்பவை. மேல் கொத்மலைத் திட்டத்துக்கு சென்கிளயர் நீர்வீழ்ச்சியை விட்டுக்கொடுப்பதா என்று வருசக்கணக்காக இழுபட்டு, கடைசியில் 2012இல் மின் நிலையம் வந்தது. தமிழ்நாட்டுப் பக்கம் முல்லைப் பெரியாறு பற்றிக் கேள்விப்படாதவர் இல்லை. 1895இன் அணை, ஆனால் அங்கே கேள்வி மீனும் ஆறும் இல்லை, பழைய அணை தாங்குமா என்ற கேரளத்தின் பயமும் தேனி, மதுரைப் பக்கத்து வயல்களின் தாகமும்.

யாழ்ப்பாணத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு, மின்சாரம் இல்லாத பங்கு. 1950களில் பொறியியலாளர் ஆறுமுகம் முன்வைத்த, யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்ற திட்டம். சுண்டிக்குளத்தில் ஆனையிறவு நீரேரியின் கிழக்கு வாயைக் கட்டி மறித்து, கனகராயன் ஆறு கொண்டுவருகிற மழைத் தண்ணீரைத் தேக்கி, முள்ளியான் வாய்க்கால் வெட்டி வடமராட்சி நீரேரிக்குக் கொண்டுவந்து, தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணை வைத்து உப்பு ஏறாமல் காப்பது. தோட்டக்காரருக்குக் கிணறு நன்னீராகும். நீரேரியில் இறால் பிடிக்கிறவருக்கோ கடல் ஏறி இறங்காத நீரேரி நீரேரியே இல்லை. கிளமத்தின் கதையைத் திருப்பிப் போட்ட மாதிரி, அங்கே சுவரை எடுப்பதா என்கிறார்கள், இங்கே போடுவதா என்கிறோம், இரண்டு இடத்திலும் ஒரு பக்கம் வயல், மறுபக்கம் வலை.

இதெல்லாம் சொல்லி முடிக்கச் சித்தப்பாவின் தேத்தண்ணி ஆறிவிட்டது. மீனைப் பற்றியோ பழங்குடிகளைப் பற்றியோ அவர் ஒன்றும் கேட்கவில்லை. வீடியோவைத் திரும்பவும் போட்டு, அந்தக் கரிய தண்ணீர் வருகிற இடத்தில் நிறுத்தினார்.

"உவ்வளவு வண்டலையும் என்ன செய்தவங்கள்?"

"ஆற்றோட விட்டவை சித்தப்பா. எல்வாவில அது கடல் வாய்க்குப் போய்ப் புதுக் கடற்கரையே வந்திருக்கு, மணலும் நண்டும்."

"நூறு வருசத்து வண்டல், தம்பி. நல்ல உரம். வயலுக்குக் குடுத்திருக்கலாம்" என்று போனைச் சட்டைப் பொக்கற்றுக்குள் வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணி வைக்க எழும்பிப் போனார்.